மறுபடியும் தகடு எடுக்கிறாயா? கொஞ்சம் நில்!

ஓவியக் கல்லூரியில் எட்சிங் படித்தாய். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் முட்டிவலி என்று பத்துப் பதினைந்து வருடம் போயே போய்விட்டது. இப்போது பரணில் இருந்து பழைய பையை இறக்கிவிட்டு, "மறுபடி ஆரம்பிக்கணும்க்கா" என்கிறாய். ஆரம்பி, யார் வேண்டாம் என்றது? ஆனால் அடுத்த காரியமாக எட்சிங் பிரஸ் என்ன விலை என்று போனில் தேடப் போகிறாய் பார், அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இப்படித் திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. கை வரவில்லை என்று விட்டவர் குறைவு. வாங்கிக் குவித்த சாமானைப் பார்த்து மலைத்துப்போய் விட்டவர்களும், வீட்டில் அமில நெடி என்று திட்டு வாங்கி விட்டவர்களும்தான் அதிகம். அதனால் நான் சொல்வதில் பாதி, எதை வாங்காதே, எதைத் தொடாதே என்றுதான் இருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

முதலில் பையைக் கொட்டு

1. ஹார்டு கிரவுண்ட் கல்லாகியிருக்கும். டர்பெண்டைன் ஊற்றிக் கரைத்துப் பார்க்காமல் தூக்கிப் போடு. அதை நம்பித் தகட்டை அமிலத்தில் இறக்க முடியாது. மை டப்பா அப்படியில்லை. மேலே தோல் கட்டியிருந்தால் கத்தியால் ஓரமாக அறுத்து முழுசாக எடுத்துவிடு, அடியில் இருப்பது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தோலைக் கிளறி உள்ளே கலந்துவிடாதே. துடைக்கிறபோது கட்டி கட்டியாக வந்து மானத்தை வாங்கும்.

2. பழைய நைட்ரிக் பாட்டில் ஏதாவது கிடைத்தால், மூடி அரித்திருந்தாலும் அரிக்காவிட்டாலும் திறக்காதே. "கொஞ்சம்தானே இருக்கு" என்று கழிப்பறையில் ஊற்றாதே. நிமிர்த்தி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, பிள்ளைகள் கை படாத இடத்தில் தள்ளிவிட்டு, வேதியியல் ஆய்வகம் இருக்கிற கல்லூரியில் எப்படி ஒப்படைப்பது என்று கேள். புதிதாக வாங்கப் போனாலும் முன்போல் இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, அமிலம் விற்கிற கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்து, எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

3. பழைய தகடுகளைப் பார்த்து அழாதே. செம்பு பச்சை பூத்திருந்தால் புளியும் உப்பும் போட்டு விரலால் தேய், போய்விடும். கம்பி நார் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. அது போடும் ஒவ்வொரு கீறலும் அச்சில் வரும். துத்தநாகம் வெள்ளை பூத்துப் பொரிந்திருந்தால், கடற்கரை ஊரில் அது சகஜம், திருப்பிப் பின்பக்கத்தைப் பயன்படுத்து. முன்பக்கம் பாதி வேலை முடிந்த படமா? அதுவும் வீணில்லை. ரெம்பிராண்ட் 1653-ல் செய்த 'மூன்று சிலுவைகள்' தகட்டையே பிறகு சுரண்டித் தேய்த்து, ஆட்களை மாற்றி, இருட்டைக் கூட்டி மறுபடி அச்செடுத்தார். கல்லூரி நாள் தகட்டின் மேல் இன்றைக்கு ஊசி போட உனக்கு என்ன தயக்கம்?

பிரஸ் விஷயம்

4. பிரஸ் வாங்காதே. முதல் வருடம் கண்டிப்பாக வேண்டாம். உருளை கனமில்லாத சின்ன பிரஸ், விலையும் கணிசம், அழுத்தமும் போதாது. கனமான பிரஸ் உன் இரண்டாவது மாடி ஹாலுக்கு ஏறாது, ஏறினாலும் டைனிங் டேபிளை வெளியே அனுப்ப வேண்டும். இரவல் பிரஸ்தான் புத்திசாலித்தனம். சென்னையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது, அங்கே கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ உண்டு. நீ படித்த கல்லூரிக்குப் பேசு. பெரியமேடோ கும்பகோணமோ, ஆசிரியராகிவிட்ட உன் வகுப்புத் தோழி ஒருத்தி எங்காவது இருப்பாள். போவதற்கு முன்னால் போனில் மூன்றே கேள்வி: எந்த நேரம், என்ன கட்டணம், கம்பளி அவர்களுடையதா நம்முடையதா. கேட்காமல் போய் வாசலில் நின்றுவிட்டு என்னிடம் புலம்பாதே.

5. கரண்டியால் தேய்த்து அச்செடுக்கலாம் என்று வீடியோவில் காட்டுவார்கள். மரக்கட்டை அச்சுக்கும் லினோவுக்கும் அது சரி, அங்கே மை மேட்டில் இருக்கிறது. நம் வேலையில் மை பள்ளத்துக்குள் இருக்கிறது. ஈரத்தாளை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ள உருளைதான் வேண்டும். வீட்டிலேயே சின்னதாகச் செய்துபார்க்க ஆசையென்றால் பாஸ்தா மாவு தேய்க்கிற கை மெஷின் ஒன்று போதும். மெல்லிய தகடாக, மெஷினின் அகலத்துக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த மெஷினில் அப்புறம் மாவு போடக் கூடாது.

முதல் மூன்று மாதம் டிரைபாயிண்ட் மட்டும்

6. இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியம். அமிலம் இல்லை, கிரவுண்ட் இல்லை, ரோசின் தூள் இல்லை. ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறு, மை போடு, துடை, அச்செடு. நீ மறந்துபோன விஷயங்களில் முக்கால்வாசி, அதாவது தாள் பக்குவம், துடைப்பு, அழுத்தம் எல்லாமே, இதிலேயே திரும்பிவிடும். அமில வேலையை அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பிலேயே அக்வாடிண்ட், நான்கு கலர் என்று இறங்காதே. ஒரே தகட்டில் மையின் இளக்கத்தை மாற்றி மாற்றிப் பல நிறம் ஏற்றுகிற வித்தையைப் பாரிஸின் அட்டலியே 17-ல் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் கிருஷ்ணா ரெட்டி. சித்தூர் பக்கத்துக்காரர், நம் கலாக்ஷேத்ராவில் கொஞ்ச காலம் ஓவியம் கற்பித்தவர். அவர் வழியில் போக ஆசை இருக்கட்டும், ஆனால் கறுப்பு ஒன்று ஒழுங்காகத் துடைக்க வந்த பிறகு.

7. தகட்டுக்குச் செலவு செய்யாதே. கீழே வரிசையாகச் சொல்கிறேன், மலிவில் இருந்து ஆரம்பி.
- காலியான ஜூஸ், பால் டெட்ரா பேக். பிரித்துக் கழுவி, வெள்ளி போல மின்னுகிற உள்பக்கத்தில் கீறு. இருட்டு வேண்டிய இடத்தில் பிளேடால் ஓரம் வெட்டி அந்த மினுக்குத் தாளை உரித்துவிடு, அடியில் இருக்கிற அட்டை மையை உறிஞ்சிக்கொள்ளும். சில அச்சுக்கு மேல் தாங்காது, தாங்க வேண்டாம், அது ஒத்திகைக்குத்தான்.
- ஆஃப்செட் அச்சகத்தில் ஓடி முடித்த அலுமினியத் தகடு. பழைய விலைக்குப் போடுவதுதான், கேட்டால் கொடுப்பார்கள். ஓரம் கையை அறுக்கும், முனைகளை முதலில் உருட்டி வெட்டு.
- சைன்போர்டு கடையில் மிச்சமாகும் அக்ரிலிக் துண்டு. அடியில் படத்தை வைத்து மேலேயே கீறலாம், நேரம் மிச்சம்.
- செம்பு, கை பழகிய பிறகு. 18 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், போதும்.

8. ஊசிக்கு வெளிநாட்டு ஆர்டர் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் இரும்பில் கோடு போடுகிற கார்பைடு ஸ்கிரைபர் கிடைக்கும். அதுவும் இல்லையா, கோணி ஊசியைச் சாணைக்கல்லில் தீட்டிப் பிடி போட்டுக்கொள். ஊசியைச் சாய்த்துப் பிடித்துக் கீறினால் உலோகம் ஒரு பக்கமாகப் பிசிறி எழும்பும். அந்தப் பிசிறில் மை தங்குவதால்தான் டிரைபாயிண்ட் கோடு வெல்வெட் மாதிரி வருகிறது. "அழுக்காக இருக்கிறதே" என்று அந்தப் பிசிறைச் சுரண்டிவிடாதே. உருளைக்குள் போகப் போக அது நசுங்கும். செம்பிலேயே பத்து, இருபது நல்ல அச்சு வந்தால் அதிகம், அலுமினியத்திலும் அக்ரிலிக்கிலும் இன்னும் குறைவு.

9. அளவு: ஒரு போஸ்ட் கார்டு. அதற்கு மேல் போகாதே. பெரிய தகட்டைத் துடைக்கவே ஒரு மணி நேரம் ஆகும், உனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடையாது.

10. படம் திரும்பி வரும், தெரியும்தானே? தெரியும் என்பாய், ஆனால் தமிழில் பெயர் எழுதிய தகட்டை அச்செடுத்த பிறகுதான் ஞாபகம் வரும். வரைந்ததைப் போனில் படம் எடுத்து, இடவலமாகத் திருப்பி, பிரிண்ட் எடுத்து அதைப் பார்த்துக் கீறு. அந்தக் காலத்தில் டிரேசிங் தாளோடு மல்லுக்கட்டினோம், உனக்கு அந்தக் கஷ்டம் எதற்கு?

11. ஓரத்தை 45 டிகிரிக்கு அரம் போட்டுச் சரி, அப்புறம் எமரி தாள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டு ஸ்டூடியோவின் கம்பளியைக் கிழித்தாயானால் அடுத்த தடவை உன்னை உள்ளே விடமாட்டார்கள். கம்பளி விலை விசாரித்துப் பார், அப்போது புரியும்.

தாள் நனைப்பது

12. கல்லூரியில் எல்லாரும் அவசரப்பட்டது இங்கேதான். அச்சு வெளிறி வந்தால் உடனே பிரஸ் மேல் பழி போடுவார்கள், தப்பு தாளில் இருக்கும். பருத்திக்கூழில் செய்த, 250 முதல் 300 கிராம் கனமுள்ள தாள் நல்லது. புதுச்சேரி ஆசிரமத்தின் கைத்தாளில் கனமானதை முதலில் ஒரு துண்டு வாங்கிச் சோதித்துப் பார், பிடித்தால் மேற்கொண்டு வாங்கு. முதல் ஒத்திகைகளுக்குச் சாதாரண கார்ட்ரிட்ஜ் தாளே போதும்.

காலையில் குக்கர் வைக்கிறபோது தாளை அகலத் தட்டில் தண்ணீருக்குள் விடு. அரை மணியில் எடுத்து, சுத்தமான பழைய வேட்டித் துணிகளுக்கு நடுவில் வைத்து ஒற்று, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடு. மாலை நீ ஸ்டூடியோவுக்குப் போகும்போது ஈரம் ஒரே சீராகப் பரவியிருக்கும். தாளைச் சாய்த்துப் பார்த்தால் மேலே தண்ணீர் பளபளக்கக் கூடாது, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதுதான் பதம்.

இரண்டு எச்சரிக்கை. நம் ஊர் சூட்டில் ஈரத்தாளை இரண்டு நாள் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அன்றைக்கு அச்செடுக்க முடியவில்லையென்றால் உறையோடு ஃபிரிட்ஜில் வை, இட்லி மாவுப் பாத்திரத்தில் இருந்து தள்ளி. அடுத்தது மின்விசிறி. அதை நிறுத்தாமல் தாளை வெளியே எடுக்காதே. தகட்டைத் துடைத்து முடிப்பதற்குள் தாள் காய்ந்துவிடும்.

மை, துடைப்பு

13. எட்சிங் மையே வாங்கு. அச்சகத்து ஆஃப்செட் மை மலிவுதான், ஆனால் ஒட்டும் தன்மை அதிகம், துடைத்துத் துடைத்துத் தோள்பட்டை போய்விடும். இப்போது சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய எட்சிங் மைகள் வந்துவிட்டன, அக்குவா, காலிகோ சேஃப் வாஷ் போல. விலை கூடத்தான். ஆனால் டர்பெண்டைன் நாற்றம் இல்லாமல் வீட்டில் சமாதானம் நிலவ அந்த விலை கொடுக்கலாம். கறுப்பு ஒரு டப்பா போதும். ஒன்பது நிறம் வாங்கினால் எட்டு காயும்.

14. குளிர் நாட்டுப் புத்தகங்களில் தகட்டைச் சூடாக்கு என்று எழுதியிருக்கும். சித்திரை மாதத்தில் உனக்கு அது தேவையே இல்லை, மை தானாகவே இளகி நிற்கும். ரொம்ப இளகிவிட்டால் கொஞ்சம் மெக்னீசியம் கார்பனேட் தூள் கலந்து இறுக்கு.

15. டார்லட்டன் துணி தேடி அலையாதே. புத்தக பைண்டிங் செய்கிறவர்கள் முதுகில் ஒட்டுகிற வலைத்துணி நன்றாக வேலை செய்யும். இல்லையா, இடைவெளி விட்டு நெய்த மல் துணிக்கு வீட்டுக் கஞ்சி போட்டுக் காயவை, பிறகு கையால் கசக்கி முரட்டுத்தனத்தை எடு. உருண்டையாகப் பிடித்து வட்டமாகத் துடை, அழுத்தாதே. அழுத்தினால் பள்ளத்தில் இருக்கிற மையும் வெளியே வந்துவிடும். கடைசியில் உள்ளங்கையில் துளி சாக்பொடி தடவி ஒரு ஓட்டு. ஓரங்களைத் தனித்துணியால் துடைக்க மறக்காதே. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரத்தில் மைக்கறை இருந்தால் பள்ளிக்கூட வேலை மாதிரித்தான் தெரியும்.

16. அச்சு சரியாக வரவில்லையா? வரிசையாகப் பார்:
- கோடு வெளிறி, நடுவில் வெள்ளையாக: தாள் காய்ந்துவிட்டது, அல்லது அழுத்தம் போதாது.
- கோடு பரவி வழிந்து: மை இளக்கம், அல்லது தாளில் ஈரம் அதிகம்.
- எல்லா இடமும் சாம்பல் படர்ந்து: துடைப்பு போதவில்லை.
- ஒரு பக்கம் அழுத்தம், மறு பக்கம் மங்கல்: உருளையின் இரண்டு திருகும் ஒரே அளவில் இல்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று உனக்கே தெரியாது.

17. கழுவுவது எண்ணெய் மை என்றால்: மலிவான சமையல் எண்ணெய் தடவித் துடை, பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பு. மண்ணெண்ணெய் வேண்டாம். இதை இரண்டு முறை படி: ஆளிவிதை எண்ணெய் மை ஊறின துணிகளை உருட்டிக் குப்பைத்தொட்டியில் திணிக்காதே. குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் ஒற்றை ஒற்றையாக விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் போட்டு வை.

அமிலம் இல்லாமல் முடியாது என்கிறாயா?

18. மூன்று மாதம் ஆன பிறகு பேசு. அப்போதும் வீட்டில் நைட்ரிக் கிடையாது. பழுப்புப் புகை நுரையீரலுக்கு விஷம், சமையலறை எக்சாஸ்ட் அதற்குப் போதாது.

செம்புத் தகட்டுக்கு ஃபெர்ரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் வாங்குவதுதான், சென்னையில் ரிச்சி தெருவில் கிடைக்கும். புகை தொல்லை இல்லை, ஆனால் கறை போகாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியை அரித்துவிடும். கரைசலில் வண்டல் விழுந்து கோடுகளை அடைக்கும், அதனால் தகட்டை நிற்கவைத்தோ கவிழ்த்தோ வை. கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் அந்த வண்டல் குறையும்.

துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் ஃபெர்ரிக் போடாதே, கொதித்துக் கிளம்பும். அவற்றுக்கு மயில்துத்தமும் கல்லுப்பும். லிட்டர் தண்ணீருக்கு இரண்டும் 50 கிராம் என்று மெல்லிய கரைசலில் ஆரம்பி. அதுவும் சூடேறும், தீப்பற்றும் வாயுவும் வரும். அதனால் மொட்டைமாடியில், காற்றோட்டத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல் செய். தகட்டில் படியும் செம்புச் செந்தூளை மயிலிறகால் தள்ளிவிடு.

எதுவானாலும் பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணாடி. சமையல் பாத்திரம் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரக்கூடாது, வந்தது திரும்பி அடுப்பங்கரைக்குப் போகக்கூடாது. தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதே. செம்பு உப்பு, மீனைக் கொல்லும். வாஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரைப்பது நின்ற பின் வண்டலைத் தங்கவிட்டு, தனி டப்பாவில் சேர்த்து, ஸ்டூடியோ எப்படி ஒப்படைக்கிறதோ அப்படியே ஒப்படை. இதற்கு வழி தெரியாதவரை அமிலத்தை ஆரம்பிக்காதே.

19. அக்வாடிண்டுக்கு ரோசின் தூளை வீட்டில் பறக்கவிடாதே. மூச்சுக்கும் ஆகாது, காற்றில் பரவிய தூள் தீப்பொறி பட்டால் வெடிக்கும். டோன் வேண்டுமென்றால் உப்புத்தாளைத் தகட்டின் மேல் கவிழ்த்து இரண்டு மூன்று முறை பிரஸ்ஸில் ஓட்டு. அக்வாடிண்ட் போல ஆகாது, ஆனால் சாம்பல் கிடைக்கும்.

உன் உடம்பும் கொஞ்சம் மாறியிருக்கிறது

20. வெள்ளெழுத்து வந்திருந்தால் ஒப்புக்கொள், கண்ணாடி போடு. விளக்குள்ள பூதக்கண்ணாடியும் வாங்கு, இது நான் அனுமதிக்கிற செலவு. விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் டிரேசிங் தாளைத் தொங்கவிட்டால் உலோகம் கண்ணில் அடிக்காது. ஊசிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கு, மெல்லிய பிடி கட்டைவிரலைக் கெடுக்கும்.

21. வேலையைப் பிரி. ஓரம் தேய்ப்பது ஒரு நாள், கீறுவது சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக, அச்செடுப்பது மட்டும் தொடர்ந்தாற்போல் மூன்று மணி நேரம். அந்த மூன்றில் கடைசி அரை மணி கழுவுவதற்கு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அதைத் தின்றுவிடாதே.

22. எடிஷன் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள். கல்லூரியில் சார் பத்து கேட்டார், போட்டோம். இப்போது யாரும் கேட்கவில்லை. மூன்று நல்ல அச்சு வந்தால் 1/3, 2/3, 3/3 என்று பென்சிலில் எழுது, போதும். வராத பிரதிக்கு முன்கூட்டியே எண் போடாதே.

23. அச்சுகளை மை படாத வெள்ளை நியூஸ்பிரிண்ட் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே பலகையும் கனமும் வை, மறுநாள் தாளை மாற்று. முதல் ஒத்திகை அச்சைக் கிழித்துப் போடவோ யாருக்கும் தூக்கிக் கொடுக்கவோ வேண்டாம். பின்பக்கம் பென்சிலில் எந்தத் தாள், எவ்வளவு நேரம் நனைத்தாய், என்ன மை, திருகு எவ்வளவு இறுக்கினாய் என்று எழுதி வை. அடுத்த முறை நீ ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போக வேண்டிய முதல் சாமான் அதுதான்.